வாய்க்கால் தண்ணீரில் வந்த நோய்: அப்துல் ஹலீம் ஹாஃபிஸின் வாழ்வு சொல்லும் பாடம்

அரபு நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மவர்களுக்கு அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் என்ற பெயர் புதிதாக இருக்காது. டாக்ஸியிலும் தேநீர்க் கடையிலும் வானொலியிலும் இன்றைக்கும் ஒலிக்கும் குரல் அது. எகிப்தியர்கள் அவரைக் கறுத்த வானம்பாடி என்று செல்லமாக அழைத்தார்கள். பாடலும் இசையும் பற்றி நம்மிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. அந்த விவாதத்திற்குள் நாம் இங்கே போகப் போவதில்லை. நாம் பேச வந்தது அவருடைய பாட்டைப் பற்றி அல்ல, அவருடைய ஈரலைப் பற்றி.

சிறுவயதில் உடலுக்குள் நுழைந்த ஒரு தொற்று, காய்ச்சலாகவோ சொறியாகவோ வந்து போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே முப்பது நாற்பது ஆண்டுகள் வேலை செய்து ஒரு மனிதரின் உயிரையே எடுத்துவிட முடியும். இதை விளக்க மருத்துவப் புத்தகத்தைவிட அவருடைய வாழ்க்கையே போதுமானது.

ஷர்கிய்யாவில் ஓர் அநாதைச் சிறுவன்

1929 ஜூன் 21 அன்று, நைல் டெல்டாவின் கிழக்குப் பகுதியான ஷர்கிய்யா மாகாணத்தில், அல் ஹலவாத் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அப்துல் ஹலீம் அலீ ஷபானா. அவரைப் பெற்றெடுத்த சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார். தந்தையையும் சிறுவயதிலேயே இழந்தார். உறவினர்களின் அரவணைப்பிலும், அநாதை இல்லத்திலும் அவருடைய பால்ய காலம் கழிந்தது. அருகிலுள்ள ஸகாஸீக் நகரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார்.

டெல்டா கிராமம் என்றால் வாய்க்கால்தான். நைலில் இருந்து பிரிந்து வரும் வாய்க்காலில்தான் வயலுக்குப் பாய்ச்சுவார்கள், எருமையைக் குளிப்பாட்டுவார்கள், பெண்கள் பாத்திரமும் துணியும் கழுவுவார்கள். வெயில் கொளுத்தும் மதியத்தில் சிறுவர்கள் அதே தண்ணீரில் குதித்து நீந்துவார்கள். அப்துல் ஹலீமும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து குதித்தார். அந்தத் தண்ணீரில்தான் பில்ஹார்சியா அவரைப் பிடித்தது.

அவர் மட்டும் தனியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லர். 1930களில் டெல்டாப் பகுதியில் நடந்த ஆய்வுகளில் கிராம மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்தப் புழுத்தொற்று இருந்தது தெரியவந்தது. சிறுவர்கள் சிறுநீரில் இரத்தம் கலந்து போவதைப் பார்த்து, வயதுக்கு வருகிறான் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அது சகஜமாகியிருந்தது. எல்லோருக்கும் இருக்கும் நோயை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை.

புழு எப்படி உள்ளே வருகிறது?

இந்தப் புழுவை முதலில் கண்டறிந்தவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1851இல் கெய்ரோவின் கஸ்ருல் ஐனி மருத்துவமனையில், இறந்தவர்களின் உடலைப் பரிசோதிக்கும்போது இரத்தக்குழாய்க்குள் வாழும் புழுக்களைப் பார்த்தார். அவருடைய பெயரே நோய்க்கும் பெயரானது. நோயோ அவரைவிட மிகப் பழையது. 1910இல் ரஃபர் என்ற ஆய்வாளர், மூவாயிரம் ஆண்டுகள் பழமையான எகிப்திய மம்மிகளின் சிறுநீரகங்களில் இதே புழுவின் முட்டைகளைக் கண்டெடுத்தார். 1915இல் லீப்பர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கெய்ரோவுக்கு அருகே ஆய்வு செய்து, நத்தை இல்லாமல் இந்த நோய் பரவ முடியாது என்று நிரூபித்தார்.

அதன் சுற்று இப்படி நடக்கிறது. நோயாளியின் சிறுநீரிலோ மலத்திலோ முட்டைகள் வெளியேறுகின்றன. அவை தண்ணீரில் விழுந்ததும் பொரித்து, நன்னீர் நத்தைகளின் உடலுக்குள் புகுந்து பெருகுகின்றன. சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்புழுக்களாக நத்தையிலிருந்து வெளியேறித் தண்ணீரில் நீந்துகின்றன. மனிதன் தண்ணீரில் இறங்கினால் சில நிமிடங்களில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகின்றன. காயம் இருக்க வேண்டியதில்லை, தண்ணீரைக் குடிக்க வேண்டியதுமில்லை. கால் நனைந்தாலே போதும்.

உள்ளே போனவை இரத்த ஓட்டத்தில் பயணித்து, ஈரல் பகுதியில் வளர்ந்து, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள புழுக்களாகி, குடலைச் சுற்றியோ சிறுநீர்ப்பையைச் சுற்றியோ உள்ள இரத்தக்குழாய்களில் குடியேறுகின்றன. ஆணும் பெண்ணும் இணைந்து பல ஆண்டுகள் அங்கேயே வாழ்கின்றன. நாள்தோறும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடுகின்றன.

உண்மையான கேடு புழுவால் அல்ல, முட்டையால்தான். வெளியேற முடியாத முட்டைகள் இரத்தத்தோடு அடித்துச் செல்லப்பட்டு ஈரலில் சிக்கிக்கொள்கின்றன. உடல் அவற்றை எதிரியாகக் கருதிச் சுற்றிலும் சுவர் எழுப்புகிறது. அந்தச் சுவர் தழும்பாகிறது. ஒரு முட்டைக்கு ஒரு சிறு தழும்பு. ஆயிரக்கணக்கில் சேரும்போது, ஈரலுக்குள் இரத்தம் வரும் வழி அடைபடத் தொடங்குகிறது. வாசல் அடைபட்டால் இரத்தம் பின்னால் தேங்குகிறது. மண்ணீரல் வீங்குகிறது. வேறு வழி தேடும் இரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளுக்குள் பாய்ந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. ஒருநாள் அவற்றில் ஒன்று வெடிக்கிறது. அதுவரை நோயாளி ஓடியாடி வேலை செய்துகொண்டுகூட இருந்திருக்கலாம்.

புகழ் ஏறியது, நோயும் ஏறியது

அப்துல் ஹலீம் அண்ணன் இஸ்மாயீலின் வழியில் கெய்ரோ சென்று இசை பயின்றார். 1948இல் படிப்பை முடித்துப் பள்ளிகளில் இசை ஆசிரியராகப் பணியாற்றினார். பிறகு வானொலி இசைக்குழுவில் ஓபோ என்ற குழல் கருவியை வாசித்தார். வானொலி அதிகாரியான ஹாஃபிஸ் அப்துல் வஹ்ஹாப் அவருடைய குரலை அடையாளம் கண்டு ஊக்கப்படுத்தினார். அந்த நன்றிக்காகவே அவர் பெயரிலிருந்த ஹாஃபிஸைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

1952 புரட்சிக்குப் பிந்தைய எகிப்தில் அவர் புதிய தலைமுறையின் குரலானார். 1953இல் குடியரசு அறிவிக்கப்பட்ட காலத்தில் பாடத் தொடங்கியவர், சில ஆண்டுகளிலேயே அரபுலகம் முழுதும் அறிந்தவரானார். பதினாறு திரைப்படங்களில் நடித்தார். இறைவனைப் புகழ்ந்து இறைஞ்சும் பாக்களையும் வானொலியில் பாடினார்.

1950களின் நடுவில், முப்பது வயதைத் தொடும் முன்பே, அவர் இரத்த வாந்தி எடுத்தார். குடல் புண் போன்ற ஏதோ ஒன்று என்று முதலில் எண்ணப்பட்டாலும், காரணம் வாய்க்காலில் நீந்திய நாட்களுக்குத் திரும்பிச் சென்றது. சிறுவயதுத் தொற்று ஈரலைத் தழும்பாக்கியிருந்தது. அதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. ஒருபுறம் மேடை, மறுபுறம் மருத்துவமனை. ஆண்டுதோறும் லண்டனுக்கும் ஐரோப்பிய நகரங்களுக்கும் சிகிச்சைக்காகப் பயணம். அறுவை சிகிச்சைகள். மீண்டும் இரத்தக் கசிவு, மீண்டும் இரத்தம் ஏற்றுதல். வீட்டில் வேகவைத்த எளிய உணவு. செல்வம் வந்த பிறகு நல்ல சாப்பாடு சாப்பிட முடியாமல் போனது. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

இதைவிட வேதனையான ஒன்றும் நடந்தது. அவர் நோயாளி என்பதைப் பலர் நம்பவில்லை. இன்று படுக்கையில் இருப்பதாகச் செய்தி வரும், சில வாரங்கள் கழித்து மேடையில் மணிக்கணக்கில் நின்று பாடுவார். இரக்கம் தேடவும் விளம்பரத்துக்காகவும் நோயை நடிக்கிறார் என்று பத்திரிகைகளில்கூட எழுதினார்கள். அவர் இறந்த பிறகுதான் அந்த வாய்கள் மூடின.

நாட்பட்ட நோயின் இயல்பே இதுதான். அது தினமும் படுக்கையில் கிடத்துவதில்லை. சில நாள் நன்றாக விடும், சில நாள் வீழ்த்தும். வெளியில் காயம் தெரியாது. எனவே, சும்மா சாக்குச் சொல்கிறான், சோம்பேறி, எல்லாம் மனப்பிரமை என்று வீட்டாரே சொல்லிவிடுகிறார்கள். நோயின் வலியோடு, நம்பப்படாத வலியும் சேர்ந்துகொள்கிறது.

தண்ணீரும் அணையும் உளூவும்

எகிப்தில் இந்த நோய் இவ்வளவு பரவியதற்கு விவசாய முறையும் ஒரு காரணம். பழங்காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நைல் பெருகி வயல்களை நனைக்கும், பிறகு வடிந்துவிடும். நிலமும் வாய்க்காலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். நத்தைகளில் பெரும்பகுதி அழியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தி விவசாயத்துக்காக ஆண்டு முழுதும் நீர்ப்பாசனம் கொண்டுவரப்பட்டது. 1902இல் அஸ்வானில் முதல் அணை கட்டப்பட்ட பிறகு அது மேலும் விரிந்தது. வாய்க்கால் வற்றாததால் நத்தையும் வற்றவில்லை. விளைச்சல் பெருகியது, கூடவே நோயும் பெருகியது.

1960இல் அஸ்வான் பெரிய அணையின் கட்டுமானம் தொடங்கியபோது அதைக் கொண்டாடிப் பாடியவர் இதே அப்துல் ஹலீம்தான். அணை நாட்டுக்கு மின்சாரமும் உணவும் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1970இல் அது முடிந்த பின்னர், டெல்டாவில் சிறுநீர்ப்பையைத் தாக்கும் புழுவகை குறைந்து, ஈரலைத் தாக்கும் வகை அதிகமானது.

சிறுநீர்ப்பையைத் தாக்கும் வகையும் இலேசானதல்ல. பல ஆண்டுகள் முட்டைகள் அங்கே தங்கி அழற்சியை உண்டாக்கினால், இறுதியில் புற்றுநோயாக மாறலாம். கெய்ரோவில் பணியாற்றிய ஃபெர்குசன் என்ற மருத்துவர் 1911லேயே இந்தத் தொடர்பை எழுதினார். எகிப்து ஆண்களிடையே பல பத்தாண்டுகள் முதலிடத்தில் இருந்த புற்றுநோய் இதுதான். 1994இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது.

நமக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வருகிறது. தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மதரஸாவில் பிள்ளைகளாக நாம் படித்த பாடம் இது. நீர்நிலையில் அசுத்தம் சேராமல் காத்தால் பில்ஹார்சியாவின் சுற்று அந்த இடத்திலேயே அறுந்துபோகும். ஆனால் கழிப்பிடம் இல்லாத ஏழைக் கிராமத்தில், வாய்க்காலைத் தவிர வேறு தண்ணீர் இல்லாத மக்களிடம் போதனை மட்டும் என்ன செய்யும்? தொழுகைக்கு உளூ செய்யக்கூட அவர்கள் அதே வாய்க்காலில்தான் இறங்க வேண்டியிருந்தது. தூய்மை ஈமானின் பகுதி என்று சொல்லும் சமுதாயம், தூய்மையாக இருப்பதற்கான குழாயையும் கழிப்பறையையும் ஏழைக்குக் கொடுத்ததா என்ற கேள்வியும் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

மருந்தே இன்னொரு நோயானது

1918இல் சூடானின் கார்ட்டூமில் கிறிஸ்டோஃபர்சன் என்ற மருத்துவர் ஆன்டிமனி கலந்த ஓர் உப்பை ஊசியாக ஏற்றி இந்தப் புழுவைக் கொல்ல முடியும் என்று காட்டினார். கடுமையான மருந்து அது. குமட்டலும் வாந்தியும் இருமலும் வரும். ஒருமுறை போட்டால் போதாது, பல வாரங்கள் தொடர்ந்து நரம்பில் போட வேண்டும். ஆனாலும் வேறு மருந்து இல்லை. எனவே எகிப்து அரசு 1950கள் தொடங்கி 1980களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக இலட்சக்கணக்கான மக்களுக்கு இந்த ஊசியைப் போட்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் அன்று இல்லை. கண்ணாடி ஊசிக்குழல்களை அரைகுறையாகக் கொதிக்கவைத்து அடுத்தவருக்கும் பயன்படுத்தினார்கள்.

அந்த ஊசிகளின் வழியே கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹெபடைட்டிஸ் சி என்று 1989இல்தான் அது அடையாளம் காணப்பட்டது. இருபது முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் ஈரலில் தங்கி, பிறகு ஈரல் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படும் நோய் அது. 2000இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, எகிப்தின் ஹெபடைட்டிஸ் சி பரவலுக்கும் அந்தப் பழைய ஊசி இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. 2008இல் நடந்த தேசிய ஆய்வில், 15 முதல் 59 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவரின் இரத்தத்தில் இந்த வைரஸின் தடம் இருந்தது.

அப்துல் ஹலீமுக்குப் பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்தின் வழியே வைரஸ் அழற்சியும் ஏற்கெனவே நொந்துபோன ஈரலோடு சேர்ந்துகொண்டதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். கொடையாகப் பெறும் இரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே அன்று கிடையாது.

1977 மார்ச் 30 அன்று, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 47. ஜனாஸா கெய்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டபோது இலட்சக்கணக்கானோர் தெருக்களில் திரண்டார்கள். பஸாத்தீன் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே ப்ராசிகுவான்டல் என்ற மாத்திரை பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ஊசி வேண்டாம், வாய்வழியே ஒருநாள் விழுங்கினால் புழு சாகும். ஈரல் முற்றிலும் தழும்பாகிப்போன பிறகு அது பெரிதாக உதவாது. ஆனால் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது கிடைத்திருந்தால் அவருடைய கதை வேறாக இருந்திருக்கும்.

எகிப்து மீண்ட விதம்

இந்தக் கதை துயரத்தோடு முடியவில்லை என்பது நமக்கு ஆறுதல். மாத்திரை வந்த பின் எகிப்து பள்ளிகள் தோறும் அதை வழங்கியது. வாய்க்காலுக்கு முதுகைத் திருப்பிக்கொள்ளும்படி தொலைக்காட்சி விளம்பரங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. ஒருகாலத்தில் பாதிப்பேரிடம் இருந்த பில்ஹார்சியா இன்று அங்கே அரிதாகிவிட்டது.

ஹெபடைட்டிஸ் சி விஷயத்திலும் அப்படியே. 2014இல் புதிய மாத்திரை வந்தபோது அமெரிக்காவில் ஒருவருக்கான சிகிச்சையின் விலை 84,000 டாலர். எகிப்து அரசு பேரம் பேசி 900 டாலருக்கு வாங்கியது. பிறகு உள்நாட்டு நிறுவனங்களே அதைவிடக் குறைந்த விலையில் தயாரித்தன. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏழு மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. நோய் இருந்தவர்களுக்கு இலவச சிகிச்சை. 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் சிகிச்சை பெற்றார்கள். 2023இல், ஹெபடைட்டிஸ் சி ஒழிப்புப் பாதையில் தங்கத் தகுதி பெற்ற முதல் நாடாக உலகச் சுகாதார அமைப்பு எகிப்தை அறிவித்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

பில்ஹார்சியா நம் ஊர்களில் காணப்படும் நோய் அல்ல. ஆனால் தொற்று போனபின்னும் அதன் தடம் உடலில் தங்கிவிடுவது நமக்கும் நடப்பதுதான். பிள்ளைக்கு வரும் தொண்டைப்புண்ணை அலட்சியம் செய்தால், சிலருக்கு அது வாதக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. கொசு தந்த யானைக்கால் கிருமி பல ஆண்டுகள் கழித்தே காலை வீங்கவைக்கிறது. ஹெபடைட்டிஸ் பி ஈரல் புற்றுநோய்க்கும், எச்.பி.வி. வைரஸ் பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கின்றன. இவ்விரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. சிக்குன்குனியா வந்து போன பின் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு நடந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கொரோனாவுக்குப் பிறகு மூச்சுத் திணறலும் களைப்பும் தீராதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

எனவே, காய்ச்சல் போய்விட்டது என்பதோடு விட்டுவிடாமல், மருத்துவர் சொன்ன மருந்தை முழுமையாக எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தவறவிடாமல் இருப்போம். ஊசி போடும்போது புதிய ஊசிதானா என்று கூச்சப்படாமல் கேட்போம். முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் பழைய ஊசிகள் போட்டுக்கொண்டவர்களும் ஒருமுறையாவது ஈரல் வைரஸ் சோதனை செய்துகொள்வது நல்லது. அமானிதமாகத் தரப்பட்ட உடலைப் பேணுவதும் நம் பொறுப்புதான்.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டிலோ தெருவிலோ யாராவது, ஒரு காய்ச்சலுக்குப் பின் நான் பழையபடி இல்லை என்று சொன்னால், நடிக்கிறார் என்று முடிவுகட்டும் முன் அப்துல் ஹலீமை நினைத்துக்கொள்வோம். அவர் மேடையில் நின்று பாடிய ஒவ்வோர் இரவும் அவருடைய ஈரலில் தழும்புகள் இருந்தன. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. நோயாளியை நலம் விசாரிப்பது நம் மீதுள்ள கடமைகளில் ஒன்று. அவர் சொல்வதை நம்புவதிலிருந்து அந்த விசாரிப்பு தொடங்கட்டும்.